பதினோராம் வளைவில் ரேடியோ

அக்டோபர் 3, செவ்வாய்

வெறும் வயிற்றில் சர்க்கரை 186. காலையில் இட்லி நாலு. இல்லை, ஐந்து.

இந்த டைரியை ஆஸ்பத்திரி நர்ஸம்மா கொடுத்தார். "என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நடந்தீங்கன்னு ஒரு மாசம் எழுதிட்டு வாங்க. உள்ளத எழுதுங்க" என்றார். ஜீப் ஓட்டுகிறவன் எங்கே நடப்பது? அதனால் நடந்ததை எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்று போடி ஜீப் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஷமீமா, உத்தமபாளையத்துக்காரர், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர் நம் மருந்துக்கடை கிருபாகரன் சார். இரண்டு பேரும் ஹாம் ரேடியோக்காரர்களாம். அரசாங்கப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, ஆசைக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். கிருபாகரன் சாரிடம் இருபது வருடமாக மாத்திரை வாங்குகிறேன். மொட்டை மாடியில் அவர் நட்டு வைத்திருக்கும் கம்பி இடிதாங்கி என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மழைக்கு முன்னாடி ஒரு மேப் போடணும்ணே. இந்த மலை ரோட்டுல எந்த எடத்துல இருந்து பேசுனா போடிக்குக் கேக்கும், எங்க கேக்காதுன்னு. ரோடு அறுந்துபோனா போனும் இல்லாம மேல மாட்டிக்கிறவங்களுக்கு உதவும்" என்றார் ஷமீமா.

மலை மேலே காத்தாடிமேடு வரை பதினாறு வளைவு. பத்தாம் வளைவு வரைக்கும் தார் ரோடு, அதற்கு மேல் கல் ரோடு. ஃபோர் வீல் போடாமல் ஏறாது. நான் பத்து வரைக்கும்தான் வருவேன் என்று சொன்னேன். மேலே ரோடு சரியில்லை.

"தெனமும் எஸ்டேட் ஜீப் போகுதேண்ணே?"

அவர்கள் வண்டி வேறு, என் வண்டி வேறு என்றேன்.

அக்டோபர் 4, புதன்

178.

நாள் முழுக்க வண்டியில் ரேடியோவைப் பொருத்தினோம். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. இதற்குப் போய் பரீட்சையா என்று தோன்றியது.

ஷமீமா கொண்டுவந்த ஆண்டெனாவுக்கு அடியில் காந்தம். கார் கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். என் கூரை ரெக்சின். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஸ்டெப்னி மாட்டும் இரும்பில் ஒரு கிளாம்ப் அடித்து அதில் நிறுத்தினேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளம். மரக்கிளையில் மாட்டாமல் இருக்கத் தேவைப்படும்போது வளைத்துக் கட்ட ஒரு நைலான் கயிறு.

பேட்டரியில் இருந்து நேராக ஒயர் இழுத்து, நடுவே ஃபியூஸ் போட்டார். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் கொசு கத்துவது போல ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் வேகமாகக் கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது உங்க ஆல்டர்னேட்டர் பேசுறது" என்றார். ஒயரைத் தள்ளிப் போட்டு, ஒரு கருப்பு வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றினார். கொசு அடங்கிவிட்டது. அந்த வளையத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அரைமணி நேரம் சொன்னார். பாதி புரிந்தது.

குலுக்கலில் ரேடியோ ஆடாமல் இருக்கப் பழைய டியூப்பை வெட்டி அடியில் வைத்தேன். அது என் யோசனை.

அக்டோபர் 5, வியாழன்

171. மதியம் கம்மங்கூழ்.

முதல் ஓட்டம். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்துவேன். ஷமீமா மைக்கைப் பிடித்துத் தன் அடையாள எழுத்துகளைச் சொல்லி அழைப்பார். போடியில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் கிருபாகரன் சார், எப்படிக் கேட்கிறது என்று ஐந்துக்கு மார்க் போடுவார். மேப்பில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளி.

இதில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். முடித்துவிட்டேன் என்பதற்கு 'ஓவர்'. வீட்டில் மனைவி செல்லத்தாயிடம் இதைச் சொன்னேன். "நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப்போடுங்க" என்றாள்.

நாலாம் வளைவில் போன் செத்துவிட்டது. எப்போதுமே மூன்று வரைக்கும்தான் எடுக்கும். ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. ஆறாம் வளைவில் கிருபாகரன் சார் பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்டது. மலையில் நின்றுகொண்டு யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில் அடிப்பதைக் கேட்டோம்.

அப்படியே ஏலக்காய் இன்று என்ன விலைக்குப் போனது என்று கேட்கச் சொன்னேன். இந்த ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாதாம். பின்னே என்னதான் பேசுவார்கள் என்றேன். "யாரு கேக்குறா, எவ்வளவு தூரத்துல இருந்து கேக்குறா, அதத்தாண்ணே பெரும்பாலும் பேசுவோம்."

அக்டோபர் 6, வெள்ளி

212. நேற்றுச் சாயங்காலம் ஸ்டாண்டில் யாரோ லட்டு கொடுத்தார்கள்.

அக்டோபர் 9, திங்கள்

180.

என் தங்கச்சி பஞ்சவர்ணத்தின் மகள் அபிநயா மதுரை ஹாஸ்டலில் இருந்து சொல்லாமல் வந்துவிட்டாள். நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருடம். வார்டில் ஒரு நோயாளி இவள் கையைப் பிடித்துக்கொண்டே இறந்துவிட்டாராம். நாலு நாளாகத் தூங்கவில்லை. "எனக்கு இது வேணாம்மா. நான் இங்கயே காலேஜ்ல கணக்கு எடுத்துப் படிக்கிறேன்" என்று அழுதிருக்கிறாள்.

நான் போனபோது பஞ்சவர்ணம் திட்டிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு வந்த கை, வீடெல்லாம் வாசம். "உங்கப்பா உசுரு போகையில சொன்ன ஒரே வார்த்தை, பாப்பாவ நர்சுக்குப் படிக்க வையின்னு. மாமா மடியிலதான் போனாரு. கேளு, நிக்கிறாரு பாரு" என்றாள்.

அபிநயா என்னைப் பார்த்தாள்.

எனக்கு வண்டி கழுவ வேண்டியிருந்தது. வந்துவிட்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

அபிநயாவைக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இன்று பத்தாம் வளைவு வரை முடிந்தது. ஒன்பதில் மஞ்சள், பத்தில் சிவப்பு. கிளட்ச் கருகும் வாசனை வருகிறது, இதற்கு மேல் வேண்டாம் என்றேன். ஷமீமா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கைக்கு அடக்கமான சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு தனியாகப் பதினோராம் வளைவுக்கு நடந்து போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"சின்ன செட்டுக்கு ஒண்ணுமே கேக்கலண்ணே. போனும் இல்ல. அங்க ஓரமா மஞ்சள் பூசி ஒரு கல்லு இருக்கே?"

"என் தங்கச்சி வீட்டுக்காரன். பரமன்னு பேரு. ரெண்டரை வருசம் ஆச்சு. ஜீப்பு சரிஞ்சிருச்சு."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"கூடத்தான் இருந்தேன்."

"ஆம்புலன்சுக்கு எங்க இருந்து பேசுனீங்க?"

"அங்க இருந்துதான்."

அவர் கையில் நோட்டு இருந்தது. எந்த வளைவில் போன் எடுக்கும் எடுக்காது என்று நானே சொல்லி அவர் எழுதிய நோட்டு. அதைப் பார்த்தார். பிறகு மூடி, பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது வேறு எதையோ பேசினோம்.

அக்டோபர் 12, வியாழன்

194. தூக்கம் இல்லை என்றாலும் சர்க்கரை ஏறுமாம்.

விபத்து பற்றி ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பரமன்தான் ஓட்டினான். நான் பக்கத்து சீட். மேலே எஸ்டேட்டில் சாமான் இறக்கிவிட்டு வந்தோம். பதினொன்றில் ஓரக்கல் பெயர்ந்து பின்சக்கரம் இறங்கிவிட்டது. முப்பது அடி சரிவு. நான் வெளியே விழுந்துவிட்டேன். அவன் இடுப்புக்குக் கீழே வண்டி. போன் செய்து ஆள் வருவதற்குள் போய்விட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

ஷமீமா போன் செய்தார். கோபம் எதுவும் இல்லை. "மேல ஆறு வளைவு பாக்கி இருக்கு. நீங்க சிரமப்பட வேணாம்ணே, எஸ்டேட் ஜீப் ஒண்ணு கேட்டிருக்கேன். திங்கக்கெழமை வந்து செட்ட மட்டும் கழட்டிக்கிறேன்" என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தேன். பதினொன்றில் பெரிய செட்டுக்குக் கேட்குமா கேட்காதா என்று மனது அதிலேயே போய் நின்றது. கேட்காது என்று தெரிந்துவிட்டால் ஒரு மாதிரி. கேட்கும் என்று தெரிந்தால் வேறு மாதிரி. எதுவும் தெரியாமல் இன்னொருத்தன் வண்டியில் அதைப் பார்க்க விடுவது எப்படி?

திரும்பக் கூப்பிட்டேன். கிளட்ச் சரியாகிவிட்டது என்றேன்.

"சந்தோசம்ணே" என்றார்.

அக்டோபர் 16, திங்கள்

169.

பத்தைத் தாண்டி ஃபோர் வீல் போட்டேன். ரோடு அப்படி ஒன்றும் மோசமில்லை.

பதினோராம் வளைவில் கல்லுக்கு நேரே நிறுத்தினேன். ஷமீமா அழைத்தார். இரைச்சல்தான். மறுபடி அழைத்தார். இரைச்சல். சிவப்புப் பேனாவை எடுத்தார். எனக்கு என்னவோ நெஞ்சில் இருந்து இறங்கியது போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணே, திருப்பத்துல ஒருக்கா பாத்துருவோம்."

வண்டியை உருட்டினேன். பத்தடி இருக்கும். இரைச்சல் சட்டென்று நின்றது. "...நல்லாக் கேக்குது, அஞ்சுக்கு அஞ்சு. எங்க நிக்கிறீங்க? ஓவர்" என்று கிருபாகரன் சார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

ஷமீமா குழந்தை மாதிரி ஆகிவிட்டார். இறங்கி ஓடிப் பார்த்தார். போடிக்கும் இந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழு மலை நிற்கிறது, நேராக வரவே வழியில்லை. எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்குப்பாறை செங்குத்தாக இருக்கிறதே, அதில் பட்டுத் தெறித்து வருகிறதாம். சுவரில் அடித்த பந்து மாதிரி. பத்தடி இப்படி நகர்ந்தால் பந்து கைக்கு வரும், பத்தடி அப்படி நகர்ந்தால் வராது. வண்டியை முன்னும் பின்னும் ஏழு தடவை நகர்த்திப் பார்த்தோம். ஏழு தடவையும் அப்படியேதான்.

அந்த நாளில் என்னிடம் ரேடியோ இல்லை. அதனால் இதை யோசிப்பதில் அர்த்தம் இல்லை. ஆனாலும் இறங்கி அந்தப் பத்தடியை நடந்து பார்த்தேன். நாலு எட்டு வந்தது. டைரிக்கு: இன்று நடந்தது நாலு எட்டு.

அக்டோபர் 19, வியாழன்

இரண்டு நாள் மழை. இன்று வெறித்தது என்று கிளம்பினோம். பதினாறு வரை முடித்துவிட்டு இறங்கும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. பதிமூன்றாம் வளைவில் எஸ்டேட் பிக்கப் ஒன்று ரோட்டோரம் சாய்ந்து மரத்தில் முட்டிக் கிடந்தது. மண் இளகி வழுக்கியிருக்கிறது. பிற்பகல் இரண்டு இருபது.

டிரைவர் இன்னாசி, ராயப்பன்பட்டிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. வேறு ஆள் இல்லை. கதவு நசுங்கித் தொடையை நெரித்திருந்தது. கடப்பாரை போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சம் அசைந்தபோது அவர் போட்ட சத்தத்தில் கை விட்டுவிட்டேன்.

"நான் போய் போன் பண்ணிட்டு வாரேன்" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கே தெரியாது. சாவி கையில் இருந்தது. இன்னாசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிராதீங்க தம்பி."

போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஷமீமா ரேடியோவில் அழைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "லேசாக் கேக்குது. ஒயர் ஆண்டெனா ஒண்ணு சுருட்டி வச்சிருக்கேன், அதத் தூக்கிப் பிடிச்சா கேட்டுரும். ஆனா புடிக்கிறதுக்கு ஆள் வேணும், பேசவும் ஆள் வேணும். அண்ணே, வண்டிய இவருகிட்டப் பின்னாடி எடுங்க. நீங்கதான் பேசணும்."

"ரேடியோவுல பேச எனக்கு லைசென்சு இல்லையே?"

"நான் பக்கத்துல நிக்கிறேன்ல. ஆபத்துக்குத்தான் இது. எடுங்க."

ஜீப்பைப் பின்னால் எடுத்து, பிக்கப்புக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினேன். ஷமீமா ஒரு மூங்கிலில் அந்த ஒயரைக் கட்டி, மேட்டில் ஏறி மழையில் தூக்கிப் பிடித்தார். மைக்கின் சுருள் ஒயரை இழுத்தேன். இன்னாசியின் ஜன்னல் வரைக்கும் வந்தது. என் இடது கையை அவர் விடவில்லை. வலது கையில் மைக்.

பொத்தானை அழுத்தினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சார், நான் சுருளிவேல் பேசுறேன்" என்றேன். பொத்தானை விட மறந்துவிட்டேன். மேட்டில் இருந்து ஷமீமா, "விடுங்கண்ணே, விட்டாத்தான் அவரு பேசுவாரு" என்றார்.

விட்டேன்.

"சொல்லுங்க சுருளி. கேக்குது. எங்க, எத்தனை பேரு, என்ன அடி? ஓவர்."

பதிமூன்றாம் வளைவு, ஒரு ஆள், தொடை மாட்டிக்கொண்டது, நினைவு இருக்கிறது, கதவை அறுக்க ஆள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஓவர் என்றும் சொன்னேன். அவர் போனில் ஆம்புலன்சையும் தீயணைப்பையும் கூப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தீயணைப்பு நிலையத்து வயர்லெஸ்ஸில் விசாரித்து, வண்டி எங்கே வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாம் வளைவு. ஏழாம் வளைவு. ஒவ்வொன்றையும் நான் இன்னாசிக்குச் சொன்னேன்.

இன்னாசி என்ன பேசினார் என்று எழுத வேண்டும். ஏலக்காய் மூட்டை நனைகிறதா என்று கேட்டார். தார்ப்பாய் மூடியிருக்கிறது என்றேன். அவர் மகனுக்கு முட்டை பிடிக்காது என்றார். ஏன் என்று கேட்டேன். சின்ன வயதில் கோழி கொத்திவிட்டதாம். கால் குளிர்கிறது என்றார். என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். இரண்டு தடவை கண்ணை மூடினார். இரண்டு தடவையும் எழுப்பினேன். இதற்கெல்லாம் பெரிய வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. கோழியைப் பற்றித்தான் பேசினோம்.

பத்தாம் வளைவுக்கு மேல் எஸ்டேட் ஜீப்பில் ஏறி, நாலே காலுக்கு வந்துவிட்டார்கள். கதவை அறுத்து எடுத்தார்கள். ஷமீமாவுக்குக் கை இறங்கவில்லை. மூங்கிலை நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

தேனி ஆஸ்பத்திரியில் இன்னாசியைப் பார்த்துவிட்டு வந்தேன். தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துக்கொண்டார்.

12ஆம் தேதி எழுதியதில் தவறு இருக்கிறது. திருத்துகிறேன்.

நான் பரமன் பக்கத்தில் இல்லை. வண்டியை அசைத்துப் பார்த்தேன். முடியவில்லை. போன் இல்லை. மேலே எஸ்டேட் தூரம், கீழே மூன்றாம் வளைவு வரை ஆறு கிலோமீட்டர். அவனை விட்டுவிட்டு ஓடினேன். மூன்றில் போன் செய்து, கீழே இருந்து வந்த ஒரு டிராக்டரில் ஏறித் திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வந்தபோது அவன் இல்லை. எப்போது போனான் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்து, "கூட இருந்தியாண்ணே? கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். சுற்றி நாற்பது பேர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் மடியில்தான் போனான் என்றேன். என்ன சொன்னான் என்று மறுபடி கேட்டாள். எதிரே ஆம்புலன்சில் வந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். பாப்பாவை நர்சுக்குப் படிக்க வைக்கச் சொன்னான் என்றேன்.

நல்ல வார்த்தைதானே என்று அப்போது நினைத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். ரேடியோவுக்கும் ஒரு பொட்டு.

சாயங்காலம் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, 20ஆம் தேதி எழுதியதை அப்படியே சொன்னேன். படித்துக் காட்டவில்லை, சொன்னேன்.

கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்ப, யாருமே பக்கத்துல இல்லையா?"

"இல்ல."

"நர்சுக்குன்னு சொன்னது?"

"நான் சொன்னது."

கரண்டியை வைத்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சுண்டல் சட்டியை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

174. பஞ்சவர்ணம் வேலைக்குப் போகவில்லை என்று செல்லத்தாய் சொன்னாள்.

அக்டோபர் 25, புதன்

ஷமீமா மேப்பைக் கொண்டுவந்து காட்டினார். பதினாறு வளைவும் கலர் கலராக இருக்கிறது. பதினொன்றில் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒட்டி ஒட்டி. நல்ல இடத்துக்கெல்லாம் ஒரு பேர் வைப்பார்களாம், இதற்கு என்ன வைக்கலாம் என்று கேட்டார். நம்பரே போதும் என்றேன்.

கிளம்பும்போது, "அன்னைக்குப் போன் பத்தி நீங்க சொன்னத நான் நோட்டுல எழுதலண்ணே" என்றார்.

"தெரியும்."

"கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது நல்லதுதான்" என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

பஞ்சவர்ணம் காலையிலேயே வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழமை மதுரைக்குப் போறோம். அவகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

அக்டோபர் 29, ஞாயிறு

ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர்களுக்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு. அபிநயா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். இளைத்திருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாலும் வாய் குழறியது.

அவள் அழவில்லை. "அப்ப அப்பா கடைசியா என்னதான் மாமா சொன்னாரு? எதுவுமே சொல்லலயா?" என்று கேட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான வார்த்தை இல்லை அது.

"நான் போய் ஆளக் கூட்டிட்டு வாரேன், தைரியமா இருன்னு சொன்னேன். அதுக்கு அவன், 'போங்க மச்சான், நான் எங்கிட்டுப் போயிரப் போறேன்' அப்படின்னான்."

அபிநயா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இது அப்பா. இதுதான் அப்பா. என்னைய எத்தனாவது படிக்கிறேன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியாது மாமா. அவரு போயி நர்சிங்னு எப்படிச் சொன்னாருன்னு ரெண்டு வருசமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படிப்ப விட்டுரு பாப்பா. நான் வந்து ஆபீசுல பேசுறேன்" என்றேன்.

"வேணாம் மாமா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விடுறதா, முடிக்கிறதான்னு நானே பாத்துக்கிறேன். இனிமே எனக்காக யாரும் எதுவும் சொல்லாதீங்க."

என் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். ஆனால் நாங்கள் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பஞ்சவர்ணம் ஜன்னலோரம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ஓடுறப்ப விழுந்தியாண்ணே?"

"ரெண்டு தடவ."

"என்ன நெனச்சுக்கிட்டு ஓடுன?"

"ஒண்ணும் நெனக்கல. அவன் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே ஓடுனேன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். "சத்தமா? கத்துனாரா?"

"கத்தல. பாடுனான். நான் கெளம்புன ஒடனே ஆரம்பிச்சான். எனக்குக் கேக்கணும்னு ஒசக்கப் பாடுனான். உசுரோடதான் இருக்கேன்னு சொல்ற மாதிரி."

"எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"ஒம்பதாம் வளைவு வரைக்கும். அதுக்கப்புறம் மலை மறைச்சிருச்சு."

"என்ன பாட்டு?"

"வார்த்தை புரியல. ராகம் மட்டும் வந்துச்சு."

பஸ் கணவாயைத் தாண்டி இறங்கியது. அவள், "அவருக்குப் பாடவே வராதேண்ணே" என்றாள்.

"வராது" என்றேன். "அன்னைக்கும் வரல."